திருடன் விரித்த துண்டு

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு நாடீன் கோவரின் வீட்டுக்குள் நுழைந்த முகமூடித் திருடன், அவர் நீட்டிய புத்தம் புது ஃபார்ட்டி ஃபைவ் துப்பாக்கியை அவர் கையிலிருந்து பதமாக வாங்கி ஓரமாக வைத்தான். நேராகப் படுக்கையறைக்குப் போய் அலமாரியின் மேல் தட்டிலிருந்த ஒரு நீல பிஸ்கட் டப்பாவை எடுத்துக்கொண்டு, வந்த பின்வாசல் வழியாகவே போய்விட்டான். புதுத் துப்பாக்கியை விட்டுவிட்டு பிஸ்கட் டப்பாவோடு நடையைக் கட்டிய திருடனை டெக்சாஸ் மாநிலம் அதுவரை பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு மணிக்கு அந்த வீட்டுச் சமையலறையில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். நாங்கள் என்றால், தனியார் துப்பறிவாளர் லவர்ன் ஸ்டோக்ஸும் நானும். அவர் பதினெட்டு வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்யர்களைப் பிடித்தவர். டிவியில் மழை வரும் என்றால் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்ப்பார். நான் டூயி பிக்கெட், அந்த அம்மாளுடைய உதவியாளன்; எனக்கு அவர் பாஸ். அதற்கு முன்னால் பழைய கார் விற்றுக்கொண்டிருந்தேன் என்பதால் பொய்யை எனக்கு மறுபக்கத்திலிருந்து நன்றாகத் தெரியும்.

"அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்," என்றார் மிஸ் நாடீன். வயது அறுபத்தாறு. முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியதில் இரண்டு கட்டை விரல்களும் மூட்டு வீங்கி, கடலை உருண்டை மாதிரி இருந்தன. "அஞ்சு மணிக்கு ராண்டல் ஹிக்ஸ் எலாய் மேல வழக்கு எழுதிடுவான். எழுதிட்டா அந்தப் பையனோட குடியிருப்பு அட்டை போச்சு. ஆறு வயசுல விட்டுட்டு வந்த ஊருக்குத் தூக்கி அனுப்பிடுவாங்க. பொண்டாட்டி, ரெண்டு பொண்ணுங்க இங்க நிப்பாங்க."

எலாய் பரேரா எங்கள் நோவாக் மில் ஊரில் பாதி வீடுகளுக்கு வேலி போடுகிறவன், கூரை ஒட்டுகிறவன். மிஸ் நாடீன் வீட்டில் பதினொரு வருடமாக வேலை. ராண்டல் ஹிக்ஸ் எங்கள் மாவட்டப் போலீஸின் உதவி ஷெரிப்.

"எலாய் மேல எதுக்கு சந்தேகம்?" என்றார் பாஸ்.

"போன வாரம் அந்த அலமாரித் தட்டை அவன்தான் சரி பண்ணான். டப்பாவை எறக்கி வெச்சதும் அவன்தான். திருட்டு நடந்த அன்னைக்கு என் பிக்கப்பும் அவன்கிட்டதான் இருந்துச்சு, வேலிக்கம்பு ஏத்தப் போயிருந்தான். முற்றத்துல வண்டி இல்ல. எனக்கு சளி, அதனால சர்ச்சுக்குப் போகலை. வீட்டுல யாரும் இல்லைன்னு நினைச்சு வந்திருக்கான் எவனோ. ராண்டல் பிடிச்சப்போ எலாய் பாக்கெட்டுல ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு தாழ்ப்பாள், நாலு திருகாணி. 'திருட்டுக் கருவிகள்'னு எழுதிட்டான். அட, என் பின்கதவுக்குப் போடத்தான் அவன் அந்தத் தாழ்ப்பாளை வாங்கி வெச்சிருந்தான்!"

"பின்கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையா?"

"ஓட்டோ செத்த வருஷம் உடைஞ்சது. போடணும் போடணும்னு இருந்தேன்."

ஓட்டோ அவருடைய கணவர். பிஸ்கட் டப்பாவுக்குள் இருந்தது அவருடைய பழைய ரிவால்வர். ஓட்டோ ரயில்வே காவலராக இருந்தபோது இடுப்பில் வைத்திருந்தது. மிஸ் நாடீனுக்கு அது ஒன்றுதான் அவர் ஞாபகமாக மிச்சம். சொல்லும்போது குரல் கொஞ்சம் ஆடியது, உடனே மூக்கைச் சிந்திச் சளி மேல் பழியைப் போட்டுக்கொண்டார்.

"சரி, துப்பாக்கியை நீட்டினீங்க. அப்புறம்?"

"மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து விடணும், அப்பதான் தோட்டா ஏறும். இழுத்தேன். வரலை. எப்பவுமே வராது. இந்த விரலை வெச்சுக்கிட்டு எங்க? அவன் ஒரு நிமிஷம் என் கையையே பார்த்தான். அப்புறம் குழந்தை கையில இருக்கற கத்தரிக்கோலை வாங்கற மாதிரி வாங்கிட்டான்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "வித்தவர் என்ன சொல்லி வித்தாரு மிஸ் நாடீன்?"

"பாய்ட் டேகர்ட்டா? இதைப் பார்த்தாலே பாதிப் பேர் ஓடிடுவான், இழுத்து விடற சத்தத்தைக் கேட்டா மீதிப் பேரும் ஓடிடுவான்னு சொன்னாரு."

"எங்க வெச்சான் அதை?" பாஸ் எழுந்துவிட்டார்.

மிஸ் நாடீன் அடுப்புக்குப் பக்கத்தில் கை காட்டினார். "இங்க. தோட்டா வைக்கிற மேகசினை உருவித் தனியா வெச்சான். மேல்பாகத்தை இழுத்துத் திறந்தபடி நிக்க வெச்சான். வாய் சுவத்தைப் பார்த்து. அடியில என் சமையல் துண்டு, நாலா மடிச்சது."

"துண்டு ஏற்கெனவே அங்க இருந்ததா?"

"இல்லம்மா. அது அடுப்புக் கைப்பிடியில தொங்கிட்டு இருந்துச்சு. அவன்தான் எடுத்து மடிச்சு விரிச்சான்."

பாஸ் என்னைப் பார்த்தார். நான் பாஸைப் பார்த்தேன். திருட வந்த இடத்தில் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகளை ஒன்றுவிடாமல் கடைப்பிடித்திருக்கிறான் மகராசன். அடுத்தவர் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கினால் காலி செய்து, திறந்து வைத்து, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி வைக்க வேண்டும். எங்கள் ஊரில் அது கை தானாகச் செய்கிற வேலை.

கிளம்பும்போது மிஸ் நாடீன் வழிக்கு என்று ஆப்ரிகாட் பழம் வைத்த கொலாச்சி பன் ஒரு டஜன் கொடுத்தார். அதுவும் நீல பிஸ்கட் டப்பாவில்தான். அந்த வீட்டில் அப்படி ஆறு டப்பா இருந்தது. எந்த வீட்டில் இல்லை?

வண்டியில் ஏறியதும் எனக்குப் பொறி தட்டியது. வாயில் கொலாச்சியோடு சொன்னேன்: "பாஸ், ராண்டல்! வாரா வாரம் துப்பாக்கி வகுப்பு எடுக்கறது அவன்தானே? இப்படிக் காலி பண்ணி வைக்கச் சொல்லிக் குடுக்கறதே அவன்தான். அவனே திருடிட்டு, அவனே எலாயைப் பிடிச்சு..."

"வாயில இருக்கறதை முழுங்கிட்டுப் பேசுடா. போலாம், பார்த்துடலாம்."

ராண்டல் ஊருக்கு வெளியே மண்மேட்டுக்கு முன்னால் பல் மருத்துவமனைப் பெண்கள் மூன்று பேருக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பாஸ் மிஸ் நாடீனிடம் கேட்டு வாங்கி வந்திருந்த ஃபார்ட்டி ஃபைவைப் பையோடு நீட்டினார். "இது காலியான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லு ராண்டல்."

ராண்டல் வாங்கினார். மேகசினை உருவினார், மேல்பாகத்தை இழுத்துத் திறந்தார், சுண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார், அடியில் எதுவும் விரிக்காமல் பிக்கப்பின் பின்கதவுத் தகரத்தின் மேல் டங்கென்று போட்டார். என் பிரமாதமான யோசனை அந்தச் சத்தத்தோடு செத்துப்போனது.

"திருடனும் இப்படித்தான் காலி பண்ணி வெச்சிருக்கான்," என்றார் பாஸ்.

"அதனால? இந்த மாவட்டத்துல பால்குடி மறந்த பிள்ளைகூட இப்படித்தான் செய்யும். நானே நானூறு பேருக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன் லவர்ன் மேடம்."

"எலாய்க்கு?"

"அவன் எங்க? இலவசமா சொல்லித் தரேன்னேன், வரலை. அவன் அண்ணன் துப்பாக்கியில செத்தான்ல, அதுலேர்ந்து அவன் துப்பாக்கியைத் தொடவே..." ராண்டல் பாதியில் நிறுத்தினார். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "தொடமாட்டேன்னு அவன் சொல்றான். சொல்றதை எல்லாம் நம்பிட்டா நான் எதுக்கு?"

"இன்னொண்ணு. ரிவால்வர் பிஸ்கட் டப்பாவுல இருந்ததுன்னு யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கறதுக்கா? 'பழைய ரிவால்வர் ஒன்று'ன்னுதான் எழுதியிருக்கேன். டப்பா, கிப்பா எதுவும் என் வாயில வரலை."

பாஸ் முகத்தில் அபூர்வமாக ஒரு சிரிப்பு வந்தது. வண்டிக்குத் திரும்பியதும் மிஸ் நாடீனுக்கு ஃபோன் போட்டு, நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தார்.

"மிஸ் நாடீன், ஃபார்ட்டி ஃபைவ் வாங்கப் போன அன்னைக்கு ஓட்டோவோட ரிவால்வரையும் எடுத்துட்டுப் போனீங்களா?"

"ஆமா. இது போதுமான்னு கேக்கத்தானே போனேன். டப்பாவோட கொண்டு போனேன். பாய்ட் மட்டும்தான் கடையில. எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு, பிடியைக்கூடக் கழட்டிப் பார்த்தாரு. இது ஓட்டை, இதை வெச்சு அணிலைக்கூட மிரட்ட முடியாது, குடுத்துடுங்க, புதுசுல கழிச்சுக்கறேன்னாரு. ஓட்டோவோடது, தரமாட்டேன்னுட்டேன். அப்படின்னா பத்திரமா படுக்கையறை அலமாரியில மேல் தட்டுல வைங்கன்னு சொன்னாரு."

"இதை ஏன் எங்ககிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கலையே!"

நான் விசில் அடித்தேன். எங்கே வைக்கச் சொன்னாரோ அங்கேயே வந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். வாடிக்கையாளரை இந்த அளவுக்குக் கவனித்துக்கொள்ளும் கடைக்காரரை நான் பார்த்ததில்லை. பாய்ட் டேகர்ட் சர்ச்சின் பாதுகாப்புக் குழுத் தலைவரும்கூட. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடியும்வரை இடுப்பில் துப்பாக்கியோடு வெளியே வண்டிகளைக் காவல் காப்பார். உள்ளே இருக்கிற நாங்கள் முந்நூறு பேரும் அவர் வெளியே நிற்கிறார் என்று நம்பி நிம்மதியாகத் தூங்குவோம்.

"அப்ப முடிஞ்சுது பாஸ். ராண்டலைக் கூப்பிடலாம்."

"என்ன முடிஞ்சுது? 'அந்தம்மா டப்பாவே கொண்டு வரலை'ன்னு அவர் சொன்னா? சர்ச்சுக் காவல் தலைவர் சொல்றது ஒரு பக்கம், சளி பிடிச்ச கிழவி சொல்றது ஒரு பக்கம். அஞ்சு மணிக்கு எது ஜெயிக்கும்?" பாஸ் யோசித்தார். "அந்தத் துண்டு என்னை உறுத்துது டூயி. ராண்டல் தகரத்துல போட்டான். நீ உன் துப்பாக்கியை எங்க வைப்பே?"

"டாஷ்போர்டு மேல. சில சமயம் ஹாம்பர்கர் மேல."

"துணி விரிச்சு எவன் வைப்பான்?" அவர் என் மடியிலிருந்த டப்பாவைப் பார்த்தார். "அதுல எத்தனை மிச்சம்?"

"ரெண்டு."

"தொட்டே, கையை உடைப்பேன்."

மூன்றரை மணிக்குப் பாய்ட்டின் கடைக்குள் நுழைந்தோம். ராண்டல் எங்களுக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து, கடைக்கோடியில் தோட்டாப் பெட்டிகளைப் படித்துக்கொண்டு நின்றார். பாஸ் எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்திருந்தார். மிஸ் நாடீனையும் கூட்டி வந்து வண்டியிலேயே இருக்கச் சொல்லியிருந்தோம்.

"டூயிக்கு ஒரு கைத்துப்பாக்கி வேணும்," என்றார் பாஸ். "போன மாசம் இவனோட துப்பாக்கியை பிக்கப்லேர்ந்து திருடிட்டாங்க. வண்டி பின்னாடி 'உள்ளே ஆயுதம் உண்டு, ஜாக்கிரதை'ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வெச்சிருந்தான்."

"விலாசம் எழுதி ஒட்டின மாதிரிதான்," என்று பாய்ட் சிரித்தார். வெள்ளை மீசை, அன்பான கண்கள். காபிக் கோப்பையைக் கண்ணாடி மேசை மேல் வைத்துவிட்டு வேலையில் இறங்கினார். ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுக்கும் முன் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பச்சைக் கம்பளித் துணியை எடுத்து நாலாக மடித்து விரித்தார். அப்புறம்தான் வைத்தார்.

"பாயிண்ட் டூ டூ?" என்றேன், தோட்டா அளவில் ஆகச் சின்னதிலிருந்து தொடங்கி.

"கொசு அடிக்கலாம்."

"தேர்ட்டி எயிட்?"

"வர்றவனுக்குக் கோபம்தான் வரும். நைன் ஓகே, ஆனா உங்க உடம்புக்கு ஃபார்ட்டி ஃபைவ்தான் தம்பி. நூத்துல தொண்ணூத்தொம்பது தடவை சுடவே வேண்டாம். அந்த ஓட்டையைப் பார்த்தாலே ஓடிடுவான்."

"அந்த நூறாவது ஆளு?" என்றார் பாஸ்.

"அவனுக்குத்தான் பெரிய தோட்டா."

"இழுக்க முடியாத கைக்கு?"

"பழகப் பழக வரும் மேடம். எல்லாம் மனசுதான்." கொஞ்சமும் அசரவில்லை அந்த மனுஷன்.

பாஸ் தன் சாவிக்கொத்தைக் கண்ணாடி மேல் போட்டார். என் பெல்ட்டையும் கழற்றிப் போடச் சொன்னார், துப்பாக்கி உறைக்கு அளவு பார்க்கவாம். பாய்ட் கண்டுகொள்ளவில்லை. "மிஸ் நாடீன் ஃபார்ட்டி ஃபைவ் வாங்கினப்போ ஓட்டோவோட பழைய ரிவால்வரையும் கொண்டு வந்தாங்களா?" என்று கேட்டார் பாஸ்.

"இல்லையே. ஓட்டோகிட்ட ரிவால்வர் இருந்ததே அந்தத் திருட்டுக்கு அப்புறம்தான் எனக்குத் தெரியும். பாவம் அந்தம்மா."

கடைக்கோடியில் ராண்டல் பெட்டியைப் படிப்பதை நிறுத்தினார். பாஸ் தோள்பையிலிருந்து நீல பிஸ்கட் டப்பாவை எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் கண்ணாடி மேல் வைக்கப் போனார்.

"மெதுவா, மெதுவா!" பாய்ட்டின் கை முந்திக்கொண்டது. பச்சைத் துணியை இழுத்து மடித்து விரித்து, டப்பாவைப் பாஸ் கையிலிருந்து வாங்கி அதன் மேல் வைத்தது. அவர் கண் டப்பாவை விட்டு அகலவில்லை.

"துணி எதுக்கு பாய்ட்?"

"கண்ணாடி கீறிடும்ல."

"என் சாவி அதே கண்ணாடி மேலதான் கிடக்கு. இவன் பெல்ட் கொக்கி கிடக்கு. உங்க காபிக் கோப்பை கிடக்கு. எதுக்கும் துணி விரிக்கலை. துப்பாக்கிக்கு மட்டும் விரிச்சீங்க. அப்புறம் ஒரு பிஸ்கட் டப்பாவுக்கு விரிச்சீங்க." பாஸ் குரலை உயர்த்தவே இல்லை. "பிஸ்கட் டப்பாவுக்குள்ள துப்பாக்கி இருக்கும்னு உங்களுக்கு யார் சொன்னது?"

மூடியைத் திறந்தார். உள்ளே இரண்டு கொலாச்சி இருந்தன.

ராண்டல் நடந்து வந்தார். "டப்பா விஷயத்தை நான் யாருக்கும் சொல்லலை பாய்ட்."

"துணி விரிச்சா குத்தமா? இதைக் கொண்டு போய் ஜட்ஜ்கிட்ட சொல்லுங்க, சிரிப்பாரு." பாய்ட்டின் வலது கை மெல்ல இடுப்புக்குப் போனது. ராண்டலின் கையும் போனது. பாஸின் கை கைப்பைக்குள் போனது. திருட்டுப் போகாமல் மிச்சமிருந்த என் இன்னொரு துப்பாக்கி, பெல்ட் இல்லாததால் பூட்ஸுக்குள் நழுவியிருந்தது, குனிந்து தேட இது நேரமில்லை. சுவரில் வேறு இருநூறு துப்பாக்கி. ஒருவரை ஒருவர் மிரட்டி வைக்க இவ்வளவு இரும்பு இருந்தும் யாரும் மிரண்ட மாதிரி தெரியவில்லை, என்னைத் தவிர.

கதவு மணி அடித்தது. வண்டியிலேயே இருக்கச் சொன்ன மிஸ் நாடீன் உள்ளே வந்து நின்றார். கையில் மூக்குத் துடைக்கிற காகிதம் மட்டும்தான்.

"சத்தத்தைக் கேட்டாலே ஓடிடுவான்னு சொன்னியே பாய்ட்," என்றார். "நீ ஏன் ஓடலை? நீ வித்தது மட்டமான சரக்கா?"

பாய்ட்டின் முகம் சிவந்துவிட்டது. நாற்பது வருடமாகக் கடை நடத்துகிறவர். அவரைத் திருடன் என்று சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். "சரக்குல எந்தக் குறையும் இல்ல மிஸ் நாடீன்! நீங்கதான் இழுக்கவே இல்லையே! அதைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டே நின்னா சத்தம் எங்கேர்ந்து..."

அந்த அம்மாள் அதை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்தவன் ஒருத்தன்தான், அந்த முகமூடித் திருடன். பாய்ட் வாயை மூடிக்கொண்டான். இனி அவனுக்கு என்ன மரியாதை? கை இடுப்பிலிருந்து தானாக இறங்கியது. ராண்டல் அவன் துப்பாக்கியை உருவி, காலி செய்து, திறந்து, வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தார். இந்த முறை பச்சைத் துணியின் மேல்.

ரிவால்வர் கடையின் இரும்புப் பெட்டியில் இருந்தது. பிடிக்கு அடியில் பழைய ரயில்வே கம்பெனி ஒன்றின் முத்திரை. அந்த முத்திரையோடு உலகத்தில் முப்பது நாற்பதுதான் மிச்சமாம், சேகரிக்கிறவர்கள் ஒரு பிக்கப் வண்டியின் விலை கொடுப்பார்களாம். ராண்டல் அதன் பின்பக்கம் துருத்தி நிற்கும் குதிரையை இழுத்துப் பார்க்கும்படி மிஸ் நாடீனிடம் சொன்னார். ஓட்டோ எண்ணெய் போட்டுப் போட்டு வைத்திருந்தது, அந்த வீங்கின விரலுக்கு வெண்ணெய் மாதிரி வந்தது. பாய்ட் போதாது என்று சொன்னானே, அதற்கு மேல் போதுமானது அந்தக் கடையிலேயே இல்லை. அந்த அம்மாள் அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார், இந்த முறை சளியின் மேல் பழி போடவில்லை.

நாலு ஐம்பதுக்கு எலாய் வெளியே வந்தான். ஷெரிப் அலுவலகத்தில் அவன் பொருட்களை ஒரு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். பர்ஸ், பெல்ட், ஸ்க்ரூ டிரைவர், தாழ்ப்பாள், நாலு திருகாணி. வாசலில் நின்ற மனைவியையும் பெண்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றான். அப்புறம் நேராக மிஸ் நாடீன் வீட்டுக்கு வண்டியை விடச் சொன்னான்.

ராண்டலும் பின்னாலேயே வந்தார். மன்னிப்புக் கேட்க என்று வந்தவர், மூன்று வார்த்தையில் கேட்டு முடித்துவிட்டு சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டார். "வழக்கு முடியறவரைக்கும் ரிவால்வர் எங்ககிட்டதான் இருக்கும் மிஸ் நாடீன். அதுவரைக்கும் ஒரு நல்ல நைன் வாங்கிக்கோங்க."

"நைனா? இந்த விரலுக்கு த்ரீ எயிட்டி போதும்," என்றேன் நான்.

"த்ரீ எயிட்டியா? அதை வெச்சுக் கோழியைத் துரத்தலாம்டா டூயி."

"உங்க வகுப்புல யாராவது எதையாவது துரத்தியிருக்காங்களா?"

பாஸ் எங்களைக் கண்டுகொள்ளாமல், மிச்சமிருந்த இரண்டு கொலாச்சியையும் தானே தின்றார். நாங்கள் தோட்டாவின் எடை, வேகம், நாலங்குலக் குழாயா மூன்றங்குலக் குழாயா என்று அடித்துக்கொண்டோம். எங்களுக்குப் பின்னால் எலாய் பின்கதவில் மண்டியிட்டு நாலு திருகாணியையும் முடுக்கினான். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான்.

"அம்மா, போட்டுப் பாருங்க. கஷ்டமா இருந்தா எண்ணெய் விடறேன்."

மிஸ் நாடீன் அந்தக் கட்டை விரலால் தாழ்ப்பாளைத் தள்ளினார். சடக்கென்று போய் உட்கார்ந்தது. திறந்து இன்னொரு தடவை தள்ளினார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு இதுக்கு?" என்றார்.

"ஆறு நிமிஷம்," என்றான் எலாய். "பதினோரு வருஷமா நானும் சொல்லிட்டுத்தான் இருக்கேன்."